சொந்த வீடும் ஓய்வுப் பொழுதும்

(நம் கல்விக் கழக வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் எனக்கு முன் அறிஞர் பலர் நயம்படப் பேசினர். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'சொந்த வீடும் ஓய்வுப் பொழுதும்' என்பதாகும். அழைப்பிதழில் இதனைக் கண்ட நண்பர் ஒருவர், "ஐயா, வீடு என்பது அரும்பாடுபட்டுக் கட்டுவது, ஓய்வு என்பது சும்மா இருப்பது. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறார்களே!" என்று நகையாடினார். அவருக்கு அன்று நான் விடை கூறவில்லை. இன்று உங்கள் முன்னிலையில் கூறலாம் என்று வந்திருக்கிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். நான் பிறந்தது இம்மலையின் கிழக்கு அடிவாரத்தில், போளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் சேரியில். என் தந்தையார் ஒரு நிலக்கிழாரிடம் பண்ணையாளாக இருந்தார். அந்நிலத்தின் ஓரத்திலேயே எங்கள் குடிசை. மண் சுவர், கரும்புத் தோகை வேய்ந்த கூரை, குனிந்து நுழைய வேண்டிய வாயில். அதனை 'எங்கள் வீடு' என்றே நாங்கள் கூறி வந்தோம். அது எங்கள் வீடன்று என்பதை, 1979-ஆம் ஆண்டில், என் பத்தாம் வயதில், ஒரே நாளில் கற்றுக்கொண்டேன்.

அன்று இரவு கரும்புக்கு நீர் பாய்ச்ச வேண்டிய முறை என் தந்தையாருடையது. அன்றுதான் பக்கத்து ஊரில் பாரதக் கூத்தில் கர்ண மோட்சம். நம் வட்டாரத்தில் கர்ண மோட்சம் என்றால் நோயாளியும் எழுந்து நடப்பான் என்பதை நீங்கள் அறிவீர்கள். என் தந்தையார் மோட்டாரை ஓட்டிவிட்டு, மடையைத் திருப்பி வைத்துவிட்டு, என்னையும் தோளில் ஏற்றிக்கொண்டு கூத்துப் பார்க்கச் சென்றுவிட்டார். விடியற்காலையில் வந்து பார்த்தால், மடை உடைந்து நீரெல்லாம் அடுத்த கொல்லையில் பாய்ந்து கிடந்தது. பிழை அவருடையதுதான், அதனை நான் மறைக்கவில்லை. அப்பிழைக்கு ஒரு நாள் கூலியைப் பிடித்திருக்கலாம். நான்கு சொல் கடிந்தும் இருக்கலாம். நிலக்கிழார் வந்து நின்று கூறியது வேறு. "கூத்தா பாக்கப் போன? பொழுது சாயறதுக்குள்ள குடிசையைப் பிரிச்சிக்கினு போயிடு." "ஆண்டே, ஆண்டே" என்று என் தந்தையார் கெஞ்சியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. மாலைக்குள் தம் கையாலேயே கூரையைப் பிரித்தார். அன்றிரவு நாங்கள் தாய்மாமன் குடிசையின் தாழ்வாரத்தில் படுத்தோம்.

அன்பர்களே, ஓர் இரவின் ஓய்வுக்கு என் தந்தையார் கொடுத்த விலை ஒரு வீடு. என் நண்பரின் வினாவிற்கு இதுவே என் விடை. குடியிருக்கும் இடம் பிறருடையதாயின், இரவும் பிறருடையதே. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓட வேண்டியவனுக்கு மாலைப் பொழுது என்று ஒன்று இல்லை. ஆதலின் சொந்த வீடு என்பது வெயிலையும் மழையையும் தடுப்பதற்கு மட்டும் உரியதன்று. நம் பொழுதை நமக்கு உரியதாக்குவதற்கும் உரியது. இன்று நான் கூற வந்த கருத்து இது ஒன்றே. எஞ்சியவை எல்லாம் இதன் விரிவு.

இது என் குடும்பத்திற்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. 1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நம்மவர் குடியிருந்த சேரி மண்ணையே மிராசுதாரர் தம்முடையது என்று கூறி வந்ததையும், எதிர்த்துப் பேசியவர் குடிசையை இழக்க நேர்ந்ததையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் பின்னரே 1892-இல் நம் மக்களுக்கென்று நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கூறுவது அதுவே. முதற் பத்தாண்டு எவர்க்கும் விற்றலாகாது. அதன் பின்னும் நம் மக்களுக்கன்றிப் பிறர்க்கு விற்றலாகாது என்பது அதன் நிபந்தனை. அந்நிபந்தனையை அறியாமலே கைந்நாட்டு வைத்து நிலத்தை இழந்த குடும்பங்கள் எத்தனை என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

1968-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டதை நாம் மறக்க இயலாது. கூலி உயர்வு கேட்ட மக்களுக்கு நேர்ந்த கொடுமை அது. பின்னர் 1971-இல் தமிழக அரசு குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. பிறர் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளர்க்கு, அவர்தம் குடிசை நின்ற மண்ணின் உரிமையை வழங்கும் சட்டம் அது. ஆண்டைக் கவனியுங்கள்: 1971. எங்கள் குடிசை பிரிக்கப்பட்டது 1979-இல். இடையே எட்டு ஆண்டுகள். எங்கள் சேரியில் ஒருவர்க்கும் அச்சட்டம் தெரியாது. எங்கள் குடிசைக்கு அச்சட்டம் பொருந்துமா என்று ஆராய ஒரு மனுவேனும் ஓர் அலுவலர் முன் சென்றிருக்க வேண்டும், செல்லவில்லை. சட்டம் சென்னையில் இருந்தது. கூரை எங்கள் தலைமேல் இல்லை. படிப்பு எதற்கு என்று கேட்கும் இளைஞன் இந்த எட்டு ஆண்டுக் கணக்கை நினைவிற் கொள்வானாக.

வீட்டையும் ஓய்வையும் பற்றிப் பேசுங்கால் அண்ணல் அம்பேத்கரை நினையாமல் இருக்க முடியாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று, 1917-இல் பரோடா அரசின் பணியை ஏற்கச் சென்றபோது, அவர்க்கு அந்நகரில் ஒரு வாடகை அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரைச் சொல்லி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். அவரன்றி வேறு எவரும் தங்காத விடுதி அது. அந்தத் தனிமையின் அச்சத்தை அவர் போக்கிக்கொண்டது புத்தகத்தால். படித்துப் படித்து, தம் தனிமையை மறந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேற்றியது. அன்று ஒரு பூங்காவில் பல மணி நேரம் அமர்ந்திருந்து, இரவு ரயிலேறிப் பம்பாய் திரும்பினார்.

அத்தகைய மனிதர், 1930-களின் தொடக்கத்தில் பம்பாய் தாதர்ப் பகுதியில் தமக்கென ஒரு வீடு கட்டினார். ராஜகிருகம் என்று அதற்குப் பெயரிட்டார். அதனை எதற்காகக் கட்டினார்? தம் நூல்களை வைப்பதற்காகவே கட்டினார். பல்லாயிரம் நூல்கள் அங்கே குடியேறின. அவற்றின் நடுவே அவரும் குடியிருந்தார் என்று கூறினாலும் பொருந்தும். வீடு கட்டுமுன் 'என் மாலைப் பொழுது இவ்வீட்டில் எங்கே கழியும்?' என்று எண்ணியவர் அவர். 1945-இல் வெளியான தம் நூல் ஒன்றில், ஓய்வில்லாத வாழ்வு விலங்கின் வாழ்வு. ஓய்விலிருந்தே பண்பாடு பிறக்கிறது என்று அவர் வாதிட்டார். எழுதியதோடு நின்றாரா? வைசிராய் ஆட்சிக்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, ஆலைத் தொழிலாளர் வேலை நேரத்தை வாரத்திற்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் மசோதாவை 1946-இல் கொண்டுவந்தார். பிற்காலத்தில் தாமே வயலின் கற்கவும் முயன்றார். ஓய்வை அவர் சோம்பலாகக் கருதவில்லை, உரிமையாகக் கருதினார்.

மீண்டும் என் தந்தையாரிடம் வருகிறேன். 1982-இல் எங்களுக்கு அரசு மூன்று சென்டு மனைப் பட்டா வழங்கியது. பின்னர்த் தொகுப்பு வீடும் கிடைத்தது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்புறம் ஒரு சிறு திண்ணை. திண்ணைக்குச் சிமெண்டுப் பூச்சு பூசி முடிந்த மாலை, அது உலருமுன் என் தந்தையார் ஓர் ஆணியை எடுத்து அதன்மேல் கோடுகள் கிழிக்கத் தொடங்கினார். கொத்தனார் பதறி, "என்ன பெரியவரே, பூச்சைக் கெடுக்கிறீங்க?" என்றார். என் தந்தையார் நிமிரவில்லை. ஆடு புலி ஆட்டத்தின் கட்டத்தை முழுவதும் வரைந்து முடித்த பின்னரே எழுந்தார். அதுவரையில் நாங்கள் கரியால் மண்ணில் வரைந்து ஆடியிருக்கிறோம். மழை வந்தால் அழியும். விரட்டினால் விட்டுவிட்டு ஓடுவோம். அழியாத கட்டம் ஒன்றைத் தம் வீட்டில் அவர் கண்டது அன்றுதான். அம்மாலை அவர் கால் நீட்டி அமர்ந்து, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து என்னோடு ஆடினார். தெருவில் எவரோ அவரை வேலைக்கு அழைத்தார். "நாளைக்கு வரேன்" என்றார். அவர் அவ்வாறு கூறி நான் கேட்டது அதுவே முதன்முறை.

இனி, இளைஞர்களே, உங்களுக்குப் பயன்படும் நடைமுறைச் செய்திகளுக்கு வருகிறேன். உங்களுட் பலர் பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்து ஊரில் வீடு கட்டக் கருதியிருக்கிறீர்கள். பிறர்க்கு அடுக்குமாடி கட்டித்தரும் கைகள் உங்களுடையவை. உங்கள் வீட்டில் நீங்கள் ஏமாறலாகாது.

முதலாவது, காகிதம். வீடு செங்கல்லால் நிற்பதற்கு முன் காகிதத்தால் நிற்க வேண்டும். பட்டா யார் பெயரில் உள்ளது, புல எண் சரியா, பரப்பு எவ்வளவு, நான்கெல்லை எவை என்பவற்றைப் படித்துப் பாருங்கள். என் தந்தையார் 2011-இல் மறைந்தபின் பட்டாவை மாற்றச் சென்றபோதுதான், எங்கள் பட்டாவில் குறித்த உட்பிரிவு எண் அடுத்த மனையின் எண் என்பது தெரிந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாங்கள் ஒரு மனையில் குடியிருந்தோம். காகிதத்தில் மற்றொரு மனை எங்களுடையது. அதனைத் திருத்த நான் நான்கு ஆண்டுகள் அலைந்தேன். பி.ஏ., பி.எட். படித்த எனக்கே நான்கு ஆண்டுகள்! பட்டா கைக்கு வந்த அன்றே புலப்படத்தின் நகலை வாங்கி, நில அளவர் முன்னிலையில் எல்லைக்கல்லைப் பார்த்திருந்தால் அவ்வலைச்சல் நேர்ந்திராது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. ஊர்க் கணக்கு ஒரு சில குடும்பங்களின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த காலம் போயிற்று. இன்று இ-சேவை மையத்தில் பட்டா நகலை எவரும் பெறலாம். பெற்றுப் பாருங்கள்; பிழை இருப்பின் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே திருத்துங்கள்.

இரண்டாவது, வாரிசு. வீட்டுக்கு உரியவர் மறைந்தால், வாரிசுச் சான்று பெற்றுப் பட்டா மாறுதல் செய்யுங்கள். 'அண்ணன் தம்பிக்குள் என்ன காகிதம்' என்று விட்டுவிடாதீர்கள். காகிதம் இல்லாமையாலேயே அண்ணன் தம்பி பகையாவதை நான் கண்டிருக்கிறேன். பெண்மக்களையும் விலக்காதீர்கள். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005-இல் இந்திய நாட்டுச் சட்டமும் இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கொத்த உரிமையை வழங்கியுள்ளன.

மூன்றாவது, அடகு. திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ பட்டாவைக் கந்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். அரசு ஒப்படை செய்த மனையை விற்பதற்கு நிபந்தனைகள் உண்டு. அவை பட்டாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஒருமுறை வாய்விட்டுப் படித்து வீட்டார்க்கும் சொல்லுங்கள்.

நான்காவது, மலைமேல் வாழும் சகோதரர்க்கு ஒரு சொல். காட்டு நிலத்தில் குடியிருப்பவர்க்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உண்டு. 2005 டிசம்பர் 13-க்கு முன்னரே அங்கு வாழ்ந்தவர் கிராம சபை வழியே உரிமை கோரலாம். பழங்குடியினர் அல்லாதார் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததைக் காட்டல் வேண்டும். கிராம சபை கூடும் நாளில் வீட்டில் உறங்குபவர், தம் வீட்டின் உரிமையையே உறங்கவிடுகிறார்.

ஐந்தாவது, கட்டும் முறை. அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பணம் ஒரே தவணையில் வருவதன்று. வேலை ஏற ஏற வருவது. அடித்தளத்திலேயே ஆசையைப் பெருக்கினால் கூரைக்குப் பணம் இராது. ஜமுனாமரத்தூரிலும் அதற்கு மேலும் கட்டுவோர்க்கு மணலும் செங்கல்லும் சிமெண்டும் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். வண்டிக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைத் தளம் போட்டபின் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதில் சோம்பாதீர்கள். அப்போது காக்காத தளத்தில் பின்னர் விரிசல் காணும். விரிசலில் இறங்கும் மழைநீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துப் பூச்சைத் தள்ளும். நம் பழைய தொகுப்பு வீடுகள் பலவற்றில் உறங்குபவர் மேல் காரை உதிர்வதற்குக் காரணம் இதுவே. ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் தளத்தில் ஏறி, குப்பையை அகற்றி, நீர் போகும் குழாயைத் திறந்து விடுங்கள். செலவில்லாத வேலை, வீட்டின் ஆயுளை நீட்டும் வேலை.

இவற்றோடு ஆறாவதாக ஒன்று உண்டு. அதனைக் கூறுவதற்கு என் பிழையையே நான் எடுத்துக்காட்ட வேண்டும். 2006-இல் நான் நகரத்தில் ஒரு வீடு கட்டினேன். எவரும் நம்மைத் தாழ்வாக நினைக்கலாகாது என்னும் எண்ணம் என் உள்ளத்தை ஆட்டிப் படைத்தது. மாடி வைத்தேன், முகப்பில் தூண் வைத்தேன், உயர்ந்த இரும்புக் கதவு வைத்தேன். வங்கிக் கடன் போதாமல் சீட்டுப் பணம்; அதுவும் போதாமல் கைமாற்று. அதனை அடைக்கப் பத்து ஆண்டுகள் மாலைதோறும் பிறர் பிள்ளைகளுக்குத் தனியே பாடம் கற்பித்தேன். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்புவேன். என் மகள் உறங்கியிருப்பாள். புதுமனை புகுவிழாவன்று என் தந்தையார் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பளிங்குத் தரையில் கால் வைக்கக் கூசினார். பின்னர் என்னைத் தனியே அழைத்து, "வீடு நல்லாத்தான் இருக்குதுப்பா. குந்துறதுக்கு எடம் எங்க?" என்றார். கூடத்தில் இருந்த சோபாவைக் காட்டினேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. அன்று மாலையே பேருந்தேறித் தம் திண்ணைக்குத் திரும்பிவிட்டார்.

நான் அவர் சொல்லைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். அவருக்கு ஒரு நிலக்கிழார் இருந்தார். எனக்கும் கடன் என்னும் நிலக்கிழார் வந்துவிட்டார். அவரை நானே விலைக்கு வாங்கி என் வாயிலில் நிறுத்தினேன். என் மாலைப் பொழுது மீண்டும் பிறருடையதாயிற்று. ஆதலின் இளைஞர்களே, தாங்கும் அளவிற்குக் கட்டுங்கள். மாடிக்குச் செலவிடுவதற்கு முன் மூன்று பொருள்களுக்கு இடம் ஒதுக்குங்கள்: அக்கம்பக்கத்தார் வந்து அமர ஒரு திண்ணை, பிள்ளை படிக்க ஒரு விளக்கு, பத்து நூல்கள் நிற்க ஒரு பலகை. இம்மூன்றும் உள்ள ஓரறை வீடு, இவையில்லாத மாளிகையினும் பெரிது.

அவ்வாறு பெற்ற ஓய்வை எவ்வாறு செலவிடுவது? நம் முன்னோர்க்கு ஓய்வு அரிதாக இருந்தது. பொழுதுபோக்கிலும் நம் பங்கு வேறாக இருந்தது. ஊர்த் திருவிழாவில் பறை முழங்கியது. மற்றவர்க்கு அது களிப்பு, அடித்தவர்க்கு அது ஊழியம். பஞ்சாயத்து வானொலி ஊர்ச் சாவடியில் பாடியது; எங்கள் வட்டாரத்தில் நாங்கள் சந்தின் முனையில் நின்று கேட்டோம். இன்று அதே பறையை நம் பிள்ளைகள் தம் விருப்பத்தால் கற்கின்றனர். கட்டளைக்கு அடிப்பதும் விருப்பத்திற்கு அடிப்பதும் ஒன்றல்ல. சடுகுடு ஆடுங்கள், பறை கற்றுக்கொள்ளுங்கள், கூத்தும் பாருங்கள். இன்று கூத்துப் பார்த்ததற்காக உங்கள் வீட்டை ஒருவரும் பறிக்க முடியாது.

ஆனால் நீங்களே பறிகொடுக்க முடியும். என் பழைய மாணவன் ஒருவன் வீடு கட்டத் தொடங்கினான். சுவர் சன்னல் மட்டத்திற்கு எழும்பியபோது இரண்டாம் தவணைப் பணம் வந்தது. இரவில் செல்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடும் பழக்கம் அவனுக்கு இருந்தது. தொடக்கத்தில் நூறு வென்றான். பின்னர் ஆயிரம் தோற்றான். இழந்ததை மீட்க வீட்டுத் தவணையையே வைத்தான். அச்சுவர்கள் கூரையின்றி மூன்று மழையைக் கண்டன. பணம் வைத்தாடும் இத்தகைய இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டுத் திங்களில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எனினும் சட்டம் நம் படுக்கையறைக்குள் வந்து விளக்கை அணைக்காது. என் தந்தையார் ஓர் இரவை நாடி வீட்டை இழந்தார். அவரை விரட்டியவர் ஒருவர் இருந்தார். இம்மாணவனை விரட்டியவர் எவர்? மதுக்கடைக்கும் இவ்வினாவே பொருந்தும்.

இன்னொரு செய்தி உங்களுட் பலர்க்கு வியப்பளிக்கும். நீங்கள் செலுத்தும் வீட்டு வரியோடு, ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் பயன் அது. வீடுடையவர் ஒவ்வொருவரும் நூலகத்திற்குப் பங்குதாரர் என்பது இதன் பொருள். பணம் கட்டிவிட்டுப் பொருளை வாங்காமல் திரும்பும் மனிதரைக் கண்டதுண்டா? நூலகப் படியேறாத ஒவ்வொருவரும் அத்தகையவரே. உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து நூலகம் பூட்டிக் கிடந்தால், வரி செலுத்தியவன் என்னும் உரிமையோடு கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

காசில்லாத பொழுதுபோக்கும் நம் மலையில் உண்டு. காவலூரில் 1986-இல் பெரிய தொலைநோக்கி நிறுவப்பட்டது; அது வைணு பாப்பு என்னும் அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நகர வெளிச்சம் எட்டாத தெளிந்த இரவு வானம் இம்மலையில் உண்டு என்பதனாலேயே அறிஞர் இங்கு வந்தனர். அதே வானம் உங்கள் மொட்டைமாடிக்கு மேலும் உள்ளது. பிள்ளைகளை அழைத்துச் சென்று சப்தரிஷி மண்டலத்தைக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் ஆடவர்க்குத் தனியே கூற வேண்டும். என் தந்தையார்க்குத் திண்ணை கிடைத்தது. என் தாயார்க்குக் கிடைத்தது என்ன? அதே வீட்டில், விறகுக்கு ஒரு நடை, நீருக்கு நான்கு நடை, நடவுக்கு ஒரு நடை என்று அவர் நாள் கழிந்தது. அவர் பல்லாங்குழி ஆடியதை நான் விரல்விட்டு எண்ணலாம். குழாய் நீரும் எரிவாயு அடுப்பும் வந்த பின்னரே அவர் திண்ணையில் அமர்ந்தார். அதற்குள் அவர்க்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. உங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு யார் யார் அமர்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நிற்பவர் எப்பொழுதும் ஒருவரே எனில், அவ்வீடு இன்னும் அவர்க்குச் சொந்தமாகவில்லை.

நிறைவாக, இக்கழகத்தின் பிறப்பைப் பற்றி ஒரு சொல். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒன்பது பிள்ளைகளோடு நம் மாலைப் பாடசாலை தொடங்கியபோது, கட்டடம் இல்லை. கரும்பலகையும் கடன் வாங்கியது. எங்கே நடத்துவது என்று நாங்கள் கலங்கியபோது, "நம்ம திண்ணையில நடத்துங்க" என்றவர் என் தந்தையார். எழுத்தறியாத அவர், பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு படியில் அமர்ந்திருப்பார். பாடம் முடிந்ததும் கட்டத்தில் புளியங்கொட்டையை அடுக்குவார். அவ்வொன்பது பிள்ளைகளுள் மூவர் இன்று ஆசிரியர்; ஒருவர் செவிலியர். பின்னர்க் கழகத்திற்குச் சொந்தக் கட்டடம் எழும்பியது. ஆயினும் அத்திண்ணையை நான் இடிக்கவில்லை. கூரையை மட்டும் பழுது பார்த்திருக்கிறேன். பட்டா இப்போது சரியான எண்ணில், என் பெயரிலும் என் தங்கையின் பெயரிலும் உள்ளது.

சென்ற வாரம் அங்கே சென்றிருந்தேன். இரண்டு சிறுவர்களும் ஒரு சிறுமியும் அந்தக் கட்டத்தின்மேல் குனிந்து ஆடிக்கொண்டிருந்தனர். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. ஆடுகள் தனித்தனியே நகர்ந்தால் புலி ஒவ்வொன்றாய் வெட்டும். ஒன்றையொன்று அணைத்து நகர்ந்தால் புலிக்கு வழியில்லை. அச்சிறுமி ஆடுகளை ஆடினாள். மிகவும் பொறுமையாக ஆடினாள். பொழுது சாய்ந்தது. எவரும் அவர்களை எழுப்பவில்லை. நானும் ஓர் ஓரத்தில் அமர்ந்துகொண்டேன்.

அத்தகைய மாலைப் பொழுது நம் காலனிகளில் ஒவ்வொரு வீட்டிற்கும், வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் வாய்க்க வேண்டும். அதற்கான காகிதத்தையும் கட்டடத்தையும் கட்டுப்பாட்டையும் நீங்கள் தேடிக்கொள்ள வேண்டும்.